தானாக ஆடும் தலை

மசித்த வாழைப்பழத்தில் சீனி போட்ட டப்பா என் இடது கையில் இருந்தது. வலது கையில் கரண்டி. எட்டாம் வகுப்பின் சன்னல் கம்பி வழியாக மத்தியான வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. சத்துணவு முட்டையின் வாசம் அறையை விட்டு இன்னும் போகவில்லை.

என் பேத்தி சௌமியா சக்கர நாற்காலியில் இருந்தாள். பதினாலு வயது. பிறக்கும்போது மூளைக்கு மூச்சு எட்டவில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கைகால் முறுக்கிக்கொள்ளும். பேச்சு வராது. ஆனால் யாராவது முகத்துக்கு நேரே நின்று பேசினால் தலை பக்கவாட்டில் ஆடும். நம் ஊரில் 'சரி' என்பதற்கு எப்படி ஆட்டுவோமோ, அப்படியே.

"பழம் சாப்புடுறியா ஆத்தா?" என்று கேட்டேன். தலை ஆடியது. கரண்டியைத் தூக்கினேன்.

"தாத்தா, வேண்டாங்குறா."

பக்கத்துப் பெஞ்சில் இருந்து ஒரு குரல். தர்ஷினி என்று ஒரு பிள்ளை. ரெட்டைச் சடை, எண்ணெய் வழியும் நெற்றி. சௌமியாவுக்குப் பக்கத்து இடம் எப்போதும் அவளுக்குத்தான்.

"தலையாட்டுதே ஆத்தா, நீ பாக்கலயா?" என்றேன்.

"தலைய அவ ஆட்டல தாத்தா. யாராச்சும் பேசுனா அதுவா ஆடும். அவ பேசுறது கண்ணுல. இந்தா பாருங்க, கண்ண இறுக்கி மூடிருக்கா. வேண்டாம்னு அர்த்தம். தெனமும் இதத்தான் சொல்றா. நீங்க தெனமும் ஊட்டுறீக. தெரிஞ்சேதான் ஊட்டுறீகன்னு இத்தன நாளா நெனச்சேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

### பள்ளிக்கூடத்துக் கதவுக்கு வெளியே

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் பள்ளிக்கூடம் போகாதவன் என்று தெரியும். செல்போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறேன். பத்திரிகைக்காரர்கள் அதை எழுத்தாக்கி, என் கொச்சையைக் கொஞ்சம் துடைத்துப் போடுகிறார்கள். எழுபதைத் தாண்டிய பிறகு நானும் தினமும் பள்ளிக்கூடம் போனேன் என்றால் அதற்குக் காரணம் சௌமியாதான்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்குப் பக்கம். எட்டாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. சௌமியாவின் பெயர் அங்கே சின்ன வயதிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அவள் போனதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஸ்பெஷல் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்து கைகாலை நீட்டி மடக்கிவிட்டு, படம் போட்ட அட்டைகளைக் காட்டிவிட்டுப் போவார். அந்த வேலைக்கு வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் பழகும் முன் இன்னொருவர் வருவார்.

இரண்டு வருசத்துக்கு முன் பள்ளிக்கூட வாசலில் சிமெண்டில் ஒரு சாய்வுப் பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியும் வந்தது. "கூட்டிட்டு வாங்கய்யா, எல்லாப் பிள்ளைக கூடவும் இருக்கட்டும்" என்றார் வகுப்பு டீச்சர்.

மருமகள் செல்வி விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விடுவாள். பொழுது சாயத்தான் திரும்புவாள். மகன் பாண்டிக்குத் தேங்காய் உரிக்கிற வேலை. மிச்சம் இருந்தது நான். ஆகவே தினமும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் வகுப்பில் விட்டுவிட்டு, சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் பழம் ஊட்டுவேன். சாயந்தரம் தள்ளிக்கொண்டு வருவேன். வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிள்ளை நாலு முகத்தைப் பார்க்கிறதே, அது போதும் என்றுதான் நினைத்தேன்.

### கண்ணை மேலே தூக்கினால்

"கண்ணு தூக்கத்துக்குத்தானே மூடும்?" என்று தர்ஷினியைக் கேட்டேன்.

"தூக்கத்துக்கு மூடுறது வேற தாத்தா. இது இறுக்கி மூடுறது. மேல தூக்கிப் பாத்தா ஆமா. இறுக்கி மூடுனா இல்ல. இம்புட்டுத்தான்."

நான் நம்பாத மாதிரி நின்றிருக்க வேண்டும். அவள் எழுந்து சௌமியாவின் முன்னால் வந்தாள்.

"ஏ சௌமி, தாத்தா சட்டை பச்சையா?"

கண் இறுக மூடியது.

"வெள்ளையா?"

கண் மேலே போனது. கூரையில் மின்விசிறி சுற்றுகிற இடத்துக்கு.

"தாத்தா குளிச்சிட்டு வந்துருக்காரா?"

கண் மூடியது. வகுப்பே சிரித்தது. சௌமியாவின் வாய் கோணி, தோள் குலுங்கியது. அன்று நான் குளிக்கவில்லை. வீட்டில் மோட்டார் ரிப்பேர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்தம் கேட்டு டீச்சர் வந்தார். "வைகை எங்கன பொறக்குது? கொடைக்கானலா?" என்று சௌமியாவைக் கேட்டார். மூடியது. "கம்பம் மெட்டா?" மூடியது. "வருசநாடா?" கண் மேலே போய் நின்றது.

"சமூக அறிவியல்ல எந்தக் கேள்வியும் இவகிட்டத் தப்பாதுங்கய்யா," என்றார் டீச்சர். "நாலு விடையச் சொல்லிக்கிட்டே வருவோம். சரியானதுக்குக் கண்ணத் தூக்கிருவா. எனக்கே இந்தப் பிள்ளைகதான் சொல்லிக் குடுத்துச்சுக."

"எத்தன நாளா டீச்சர்?"

"வந்த மொத மாசத்துல இருந்தே. ஏன்யா, வீட்டுல இப்படித்தானே பேசுவீக? வீட்டுல பழகிக்கிட்டு வந்ததுன்னு இல்ல நாங்க நெனச்சோம்."

பழ டப்பாவை மூடினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

தர்ஷினி அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனாள். "தாத்தா, ஒம்பதாப்புக்கு உத்தமபாளையத்துக்கு எங்ககூட வருவால்ல? எங்க அக்கா அங்கனதான் படிக்கிறா. கதவுப் பக்கத்துப் பெஞ்ச எங்களுக்குன்னு சொல்லி வைக்கச் சொல்லிருக்கேன். வருவால்ல தாத்தா?"

என் தலை பக்கவாட்டில் ஆடியது. 'சரி' என்று ஆடியது. அதை நான் ஆட்டவில்லை.

ஏனென்றால் அந்த வாரம் முடிந்ததும் சௌமியாவை மதுரையில் இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு ஹோமில் கொண்டுபோய் விடுவதாக நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

### எவனும் தலையை ஆட்டுவான்

நான் ஜீப் ஓட்டினவன். கம்பம் மெட்டுப் பாதையில் எத்தனையோ வருசம் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அந்தக் காலத்தில் கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தால் ஹாரன் அடிக்கிறதோடு சரி, மற்றதெல்லாம் தலைதான். எதிர்வண்டிக்காரன் சன்னல் வழியே தலையை இப்படிச் சாய்த்து ஆட்டினால் 'நீ போ' என்று அர்த்தம். அந்த ஆட்டத்தை நம்பி, ஒரு பக்கம் பாதாளம் இருக்க, வண்டி நிறைய ஆளோடு ஏறிப் போவேன். ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. நம் ஊரில் தலையாட்டல் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி.

என் கல்யாணமும் ஒரு தலையாட்டலில்தான் முடிந்தது. தேவதானப்பட்டியில் பெண் பார்க்கப் போனோம். பொன்னுத்தாயி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். "மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா தாயி?" என்று என் மாமன் கேட்டார். அவள் தலை லேசாக ஆடியது. தட்டு மாற்றிவிட்டார்கள்.

பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒரு நாள், அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள், "அன்னைக்கு எங்காதுக்குள்ள ஒரு எறும்பு போயிருச்சு. அத உதறுனேன்."

"அப்ப ஒனக்குச் சம்மதம் இல்லையாடி?"

"யாரு பதிலக் கேட்டாக? தலை ஆடுச்சு, நீங்க தட்ட மாத்திட்டீக."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து வீடு திரும்பும்போது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. சிரிப்பாக வரவில்லை.

கூடவே வேறொன்றும் வந்தது. தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் எங்கள் குலசாமி. கிடா வெட்டுக்கு முன் அதன் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றுவோம். கிடா தலையைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது. சிலுப்பாமல் வெட்டக் கூடாது. அது சட்டம்.

ஒரு வருசம் ஒரு செவலைக் கிடா சிலுப்பவே இல்லை. கல் மாதிரி நின்றது. கூட்டம் பயந்துபோனது. என் சித்தப்பா போய் ஒரு குடம் தண்ணீரையும் தலையோடு கவிழ்த்து, காதுக்குள் வாயை வைத்து ஊதினார். கிடா உடம்பையே உதறியது. "சாமி சரின்னுருச்சு" என்று பெண்கள் குலவை போட்டார்கள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

காதில் தண்ணீர் போனால் கிடா வேறு என்ன செய்யும்? இந்தக் கேள்வி எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகு, பேத்தியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் வரும்போதுதான் தோன்றியது. வண்டியை நிறுத்திவிட்டேன்.

### நாங்கள் கேட்டதெல்லாம்

என்னவெல்லாம் கேட்டிருக்கிறோம். "வீரபாண்டி ஆத்தாளுக்கு முடி எறக்குவமா?" தலை ஆடியது, மொட்டை போட்டோம். "நாய்க்குட்டிய அத்த வீட்டுல குடுத்துருவமா?" ஆடியது, கொடுத்துவிட்டோம். "சாமிப் பாட்டுப் போடவா?" ஆடியது. இத்தனை வருசமும் காலையில் சாமிப் பாட்டுத்தான்.

அவள் கண்ணை இறுக்கி மூடும்போதெல்லாம், "புள்ளைக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று தூக்கிப் பாயில் கிடத்தி, விளக்கை அணைத்திருக்கிறோம். ஒவ்வொரு தடவை 'வேண்டாம்' சொன்னபோதும் படுக்கப் போட்டிருக்கிறோம்.

கண்ணை மேலே தூக்கினால்? அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தோம். சாமி பார்க்கிறாள் என்று. அக்கம்பக்கத்தில் இதைக் கேள்விப்பட்டு ஆட்கள் குறி கேட்கவே வர ஆரம்பித்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து, "ஆத்தா, வடக்கு மூலையில போர் போட்டாத் தண்ணி வருமா?" என்றார். கண் மேலே போனது. தண்ணீரும் வந்தது. ஒரு கூடைப் பன்னீர்த் திராட்சை கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டார். இன்னொருவர் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். இறுக்கி மூடிக்கொண்டாள். "சாமி முகம் குடுக்கல" என்று அவர் அழுதுகொண்டே போனார். செல்விதான் ஒரு நாள் கத்தி எல்லாரையும் விரட்டினாள்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களில் அவளிடம் கேள்வி கேட்டு ஒழுங்காகப் பதில் வாங்கிப் போனது அந்தக் குறி கேட்க வந்தவர்கள் மட்டும்தான்.

பாலத்தில் நின்றுகொண்டே அவள் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"ஆத்தா, வண்டி ரொம்பக் குலுங்குதா?"

தலை ஆடியது. அதைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு! பழக்கம் விடவில்லை. கண்ணைப் பார்த்தேன். மேலே போனது.

"மெதுவாத் தள்ளவா?"

இறுக்கி மூடினாள்.

எனக்குப் புரியவில்லை. "வேகமாத் தள்ளவா?"

கண் சட்டென்று மேலே போனது. வானத்துக்கு.

முட்டி வலியோடு வேகமாகத் தள்ளினேன். ஜல்லி ரோட்டில் நாற்காலி தடதடத்தது. அவள் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் கத்துகிறாள் என்று பயந்து, வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாலும் நாங்கள் உடனே நிறுத்திவிடுகிற சத்தம் அது. நிறுத்தாமல் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மதுரையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. வாயில் வந்தது, கேட்கவில்லை. பயம்தான்.

### செல்வியின் கோபம்

மதுரை எப்படி முடிவானது என்று சொல்ல வேண்டும். எட்டாவதோடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு உத்தமபாளையம் போக வேண்டும். நாற்காலியை அத்தனை தூரம் தள்ள என்னால் ஆகாது. பஸ்ஸில் ஏற்ற முடியாது. செல்வி வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அந்த ஹோமில் போய்ப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. நல்ல மனுசர்கள்தான்.

ஒரு சாயந்தரம் செல்வி சௌமியாவை மடியில் போட்டுக் கேட்டாள். "ஆத்தா, மதுரைக்குப் போயி இருக்கியா? நல்லாப் பாத்துக்குவாக. மாசாமாசம் வந்து பாக்குறோம்." தலை ஆடியது. செல்வி வெகுநேரம் அழுதாள். பிறகு, "அவளே சரின்னுட்டா மாமா" என்று முகத்தைத் துடைத்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் மூன்று பேரும் அந்த மாதம் சோறு தின்றோம். அன்றும் பிள்ளை கண்ணை மூடினாள். அன்றும் படுக்கப் போட்டோம்.

நான் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் செல்வி ஜீப்பில் இருந்து இறங்கி வந்தாள். சேலையில் ஏலக்காய் வாசம். உட்காரக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் பாண்டியும் வந்துவிட்டான்.

செல்விக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு மாமா அவ? பதினாலு வருசமாத் தூக்கிச் சொமக்குறவளுக்குத் தெரியாதது, நேத்து முளைச்ச சிறுக்கிக்குத் தெரிஞ்சிருச்சா? எம்மக பசிச்சா எனக்கு நெஞ்சுல பால் கட்டுன மாதிரி வலிக்கும். எனக்கா அவ மனசு தெரியாது?"

"நீயே கேட்டுப் பாரு ஆத்தா."

"கேக்க மாட்டேன்."

"சின்னப்புள்ளைக வெளையாட்டுக்குச் சொல்லிருக்குக," என்றான் பாண்டி. "இவரும் நம்பிட்டு வந்து நிக்கிறாரு."

செல்வி கை கால் கழுவிவிட்டு வந்தாள். அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள், திரும்பி வந்தாள். சௌமியாவின் எதிரே குந்தினாள்.

"தோட்டத்துல இன்னைக்கு அம்மா வழுக்கி விழுந்துட்டேன். சேலையில சேறு தெரியுதா?"

கண் மூடியது.

"விழுகலதான்," என்றாள் எங்களைப் பார்க்காமல். பிறகு குரலை இறக்கி, "போன வாரம் அம்மா ஒனக்கு மட்டும் ஒரு விசயம் சொன்னேன். அது யாரப் பத்தி? அப்பாவப் பத்தியா, தாத்தாவப் பத்தியா?"

"ஒண்ணு ஒண்ணாத்தான் கேக்கணும் ஆத்தா," என்றேன்.

"அப்பாவப் பத்தியா?"

கண் மேலே போனது.

"அது... நல்ல விசயமா?"

கண் இறுக மூடியது. செல்வியின் வாய் கொஞ்சம் திறந்து அப்படியே நின்றது.

"என்னலே சொன்ன எம்மககிட்ட?" என்று பாண்டி எழுந்தான். ஆணையும் பெண்ணையும் அவன் கோபத்தில் 'லே' போட்டுத்தான் பேசுவான்.

செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டிவிட்டாள், செத்த வீட்டில் உட்காருகிற மாதிரி.

"அப்ப எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா மாமா," என்றாள். "நான் சொன்ன எல்லாத்தையும்."

### கேட்டால் சொல்லுவாள்

"மதுரையப் பத்திக் கேளு," என்றேன்.

"வேண்டாம்." சொன்னது பாண்டி.

தேங்காய் நார் கீறிக் கீறி அவன் உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருக்கும். அந்தக் கையால் முகத்தை அழுத்தித் தேய்த்தான்.

"கேக்காதீக. கேட்டாச் சொல்லுவா. சொன்னா நாம கேக்கணும். கேக்குறதுக்கு நம்மகிட்ட வழி இருக்காப்பா? நீங்க எத்தன நாளைக்குத் தள்ளுவீக? இவ வேலைக்குப் போகாம இருக்க முடியுமா? வேண்டாம்னு அவ சொன்ன பெறகு கொண்டுபோயி விட்டா நான் மனுசனா?"

நான் அவனைத் திட்ட நினைத்தேன். முடியவில்லை. பாலத்தில் எனக்கு வந்த பயமும் அதுதான்.

செல்விதான் பேசினாள். "வழி இல்லேன்னா, இல்லேன்னு அவ மொகத்தப் பாத்துச் சொல்லுவோம். அவளே சரின்னுட்டாங்குற பொய்ய இனிமே சொல்ல முடியாதுல்ல."

பாண்டி வாசல்படியில் போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

செல்வி பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள். ஆடாமல் இருக்க. பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துவிட்டாள்.

"ஆத்தா. மதுரைக்குப் போறியா?"

தலை ஆடியது. வழக்கமாக ஆடுவதைவிட வேகமாக, தோளில் இடிக்கிற மாதிரி ஆடியது. கண் இறுக மூடியது. இமை ஓரத்தில் சுருக்கம் விழுகிற அளவுக்கு.

"தூக்கமா இருக்கும்," என்றான் பாண்டி, திரும்பாமலே. எங்களைப் பார்க்கத்தான் அவன் திரும்பவில்லை. எதிரே திண்ணைத் தூணில் மாட்டியிருக்கிற கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

செல்வி கேள்வியைத் திருப்பிப் போட்டாள். எனக்கு அது தோன்றியிருக்காது.

"இங்கனயே இருக்கியா? எங்ககூட?"

மூடின கண் திறந்தது. மேலே போனது. கூரை ஓட்டுக்குப் போய், வெள்ளை மட்டும் தெரிகிற அளவுக்கு ஏறி, அங்கேயே நின்றது.

"தர்ஷினி கூட ஒம்பதாப்பு படிக்கணுமா?"

கண் இறங்கவே இல்லை. இறக்கிவிட்டு மறுபடி தூக்குகிற நேரத்தில் நாங்கள் மனசு மாறிவிடுவோம் என்று பயந்த மாதிரி, அப்படியே வைத்திருந்தாள்.

வாசலில் பாண்டியின் முதுகு குலுங்கியது.

"ஒரு ஷேர் ஆட்டோக்காரனக் கேட்டுப் பாக்கணும்," என்றான் கொஞ்ச நேரம் கழித்து, தெருவிடம் சொல்கிற மாதிரி. "ஏத்தி எறக்க ஆள் வேணும். எங்கன போயிப் பிடிக்கப் போறேன்னு தெரியல."

செல்வி அதைக் கேட்டாளா என்று தெரியாது. அவள் இன்னும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மேல கோவமா ஆத்தா?"

இல்லை என்று வரும் என நினைத்தேன். செல்வியும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள். பெற்றவள், கேட்ட குரலே அப்படி இருந்தது. பிள்ளையின் கண் ஒரு தடவை இறங்கியது. அம்மாவை நேராகப் பார்த்தது. பிறகு நிதானமாக மேலே போனது.

அடிபட்ட மாதிரி செல்வி பின்னால் சாய்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஹோமில் இருந்துதான். கிளம்பும் நேரத்தைக் கேட்பதற்கு அன்று கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். செல்வியின் போனில் காதுப்பக்கம் கேட்காது. ஸ்பீக்கரில்தான் பேசுவாள். ஆகவே எல்லாருக்கும் கேட்டது.

"என்னம்மா, திங்கக்கிழமை காலையில வந்துருவீங்கள்ல? நாலு செட் துணி போதும்."

"வரலம்மா," என்றாள் செல்வி. "எம்மக வேண்டாம்னு சொல்லிட்டா."

"பாப்பாவுக்குப் பேச்சு வராதுன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமாம்மா, அப்படித்தான் சொன்னோம்." செல்வி மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "இப்ப எங்க மேல கோவமா இருக்கா. நான் பெறகு கூப்பிடுறேன்."

போனை வைத்துவிட்டு, பிள்ளைக்கு நேரே சம்மணம் போட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அடுப்பில் உலை கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"சரி ஆத்தா," என்றாள். "எதுக்குக் கோவம்? ஒண்ணு ஒண்ணாக் கேக்குறேன்."